மேக்கணக்குக்கு ஒரு பொட்டி, கீக்கணக்குக்கு ஒரு பொட்டி

"நெசமாவே நீதான் அத வாசிக்கிறியாடி?"

எங்க தோட்டத்துக் கோயில் திருவிழா முடிஞ்ச மறுநாள், ரொட்டிக்கு மாவு பெசஞ்சுக்கிட்டே எங்க அம்மா என்னைக் கேட்ட கேள்வி இது. கோபமா கேக்கல, நக்கலாவும் கேக்கல. சாப்பிட்டியான்னு கேக்கிற மாதிரி சாதாரணமாக் கேட்டுச்சு. அதுதான் எனக்குத் தாங்க முடியாமப் போச்சு. வேற யாரும் கேட்டிருந்தா வாய் கிழியப் பேசியிருப்பேன். பெத்த தாயே கேட்டா என்னத்தச் சொல்றது?

"நான்தாம்மா. வேற யாரு?"ன்னேன்.

"சரி"ன்னுச்சு அம்மா.

அந்தச் சரி எனக்கு நல்லாத் தெரியும். கொழுந்து நிறுக்கிற எடத்துல, ஈரம் இருக்குன்னு சொல்லி ரெண்டு கிலோவ வெட்டும்போது அம்மா சொல்ற சரி அது. வாயில மட்டும் இருக்கும், மனசுல இருக்காது.

நான் ஹட்டன் பஜார்ல ஒரு எலக்ட்ரிக் கடையில வேலை செய்றேன். வயர், பல்பு, பிளக்கு, சுவிட்சுன்னு விக்கிற கடை. வீடு மஸ்கெலியா ரோட்டுல ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், காம்பரான்னு சொல்ற ஒத்த அறை வீடுங்க வரிசையா ஒட்டி நிக்கும். அம்மா கொழுந்து எடுக்குது. லீவு நாள்ல நான் ஒரு பாட்டுக் கோஷ்டியில பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். நாலு தந்தி கிட்டார், பாட்டுக்கு அடியில தும் தும்னு போகுமே, அந்தச் சத்தம். கோஷ்டியில நாங்க நாலு பேரு. கீபோர்டு வாசிக்கிற அண்ணன் பகல்ல ஆட்டோ ஓட்டுறாரு. ட்ரம்ஸ்காரருக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோருல வேலை. பாடுறது ஒரு டீச்சர். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, எங்க கூப்பிட்டாலும் போறோம்.

லயத்துல ஒரு காம்பராவில தும்மினா நாலு காம்பரா தள்ளி "நூறு"ன்னு குரல் வரும். அப்பிடி எடத்துல பேஸ் வாசிச்சுப் பழக முடியுமா? பக்கத்துக் காம்பராவில கைப்புள்ள வேற. அதனால வீட்டுல வயர் மாட்டாமத்தான் வாசிப்பேன், தந்தி டிக் டிக்குன்னு மட்டும் கேக்கும். சத்தம் வச்சு வாசிக்கிறதெல்லாம் கடைக்குப் பின்னால இருக்கிற சாமான் அறையில, முதலாளி சாப்பிடப் போற நேரத்துல. ஆக, எம்மக பேஸ் வாசிக்கிறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிற எங்க அம்மா, அந்த பேஸக் காதால கேட்டதே இல்ல.

திருவிழாவுலயாவது கேக்கும்னு பாத்தா, அங்கயும் விதி சிரிச்சுச்சு. என்கிட்ட இருந்தது ஒரு சின்ன ஆம்ப். உள்ளுக்குள்ளயே ஸ்பீக்கரும் இருக்கிற பொட்டி, ரைஸ் குக்கர் வர்ற அட்டைப் பொட்டி அளவுதான் இருக்கும். கோயில்ல மரத்துல கட்டியிருக்கிறது வாய் விரிஞ்ச குழாய் ஸ்பீக்கர். அதுல பாட்டும் கீபோர்டும் அந்தப் பக்க மலை வரைக்கும் போகும், பேஸ அதுக்குள்ள விட்டா தகரத்துல தட்டின சத்தம்தான் வரும். அதனால நான் என் பொட்டியை மட்டும் நம்பி நின்னேன். வெட்டவெளியில, அவ்வளவு சனத்துக்கு நடுவுல, அந்தச் சின்னப் பொட்டி என்ன செய்யும்? அதுக்கு முன்னால நின்ன ரெண்டு பேருக்குக் கேட்டிருக்கும். மத்தவங்களுக்கு நான் கிட்டாரத் தூக்கிக்கிட்டு நிக்கிற ஒரு பொம்பளப் புள்ள, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில பீலியில, அதான் மலைத் தண்ணி வந்து விழுற எடம், அஞ்சாம் காம்பரா அக்கா பத்துப் பேருக்கு முன்னால அம்மாகிட்ட சொல்லியிருக்கு: "ஒங்க மக சும்மா அழகுக்கு நிக்கிறாளாமே. அந்தத் தும் தும்மெல்லாம் கீபோர்டுக்காரரு எடது கையாலயே போட்டுர்றாராம்."

அம்மா அங்க விட்டுக் குடுக்கல. குடத்தக் கீழ வச்சிட்டு, "எம்மகளச் சொல்ல நீ யாருடி"ன்னு நல்லாவே குடுத்திருக்கு. குடுத்து முடிச்சிட்டு வீட்டுக்கு வந்து, மாவு பெசஞ்சுக்கிட்டே என்கிட்ட அந்தக் கேள்வியக் கேட்டுச்சு.

வெக்கத்த விட்டுச் சொல்றேன், அன்னைக்கு நான் தலகாணியக் கடிச்சுக்கிட்டு அழுதேன். அழுது முடிஞ்சதும் மூஞ்சியக் கழுவிட்டு ஒரு முடிவு எடுத்தேன். அடுத்த திருவிழாவுல கோயில் வாசல் அதிரணும். அம்மா உக்காந்திருக்கிற பாய் அதிரணும். முடியுமா முடியாதான்னு நான் யோசிக்கவே இல்ல. வயருங்கிறது என் பொழப்பு. என்னால முடியாட்டி வேற யாரால முடியும்?

பெரிய ஆம்பா ஒண்ணு எடுக்கலாமேன்னு ஆளுக்கு ஆள் புத்தி சொன்னாங்க. சொல்றவங்களுக்கு என்ன? அந்தப் பெரிய பொட்டிய ஹட்டன் பஸ்ல ஏத்தினா கண்டக்டர் என்னையும் சேத்து எறக்கி விட்டுருவாரு. பஸ்ஸ விட்டு எறங்கினாலும் ரோட்டுல இருந்து கோயிலுக்குத் தேயிலைக்கு நடுவுல படி ஏறணும், மழை பேஞ்சா அதுல கோழிக்கே கால் வழுக்கும். சின்னப் பொட்டின்னா ஒரு கைக்கு ஒண்ணு. அதனால நான் கண்டுபிடிச்ச வழி, ரெண்டு சின்னப் பொட்டியையும் ஒண்ணோட ஒண்ணு கோத்து விடுறது.

ரெண்டாவது பொட்டி டவுன்ல பழைய சாமான் கடையில கெடந்துச்சு. ஸ்பீக்கர் கிழிஞ்சு, கம்பி வலை அமுங்கி, அநாதையா இருந்துச்சு. கொண்டுவந்து கிழிஞ்ச ஸ்பீக்கரக் கழட்டி எறிஞ்சிட்டு, புதுசா ஒண்ணப் போட்டேன். ஸ்பீக்கருக்கு ரெண்டு வயர் போகுது. புது ஸ்பீக்கர்ல ஒரு முனைக்குப் பக்கத்துல சின்னதா ஒரு செவப்புப் புள்ளி இருந்துச்சு. அழகுக்கு வச்சிருக்கான் போலன்னு நெனச்சேன். பல்புக்கு ரெண்டு வயரையும் எந்தப் பக்கம் மாத்திக் குடுத்தாலும் எரியும், நான் ஆயிரம் பல்பு மாட்டிப் பாத்தவ. அந்தத் தெம்புல கைக்கு வந்த பக்கம் ஈயத்த உருக்கி ஒட்டினேன். பாட்டப் போட்டா நல்லாத்தான் பாடுச்சு. என் தோள நானே தட்டிக்கிட்டேன்.

கோக்கிறதப் பத்திக் கீபோர்டு அண்ணன் ஒரு யோசனை சொன்னாரு. மொதல் பொட்டியில ஸ்பீக்கருக்குப் போற வயர எடுத்து ரெண்டாவது பொட்டிக்குள்ள குத்திரலாமாம்.

"அண்ணே, பெட்ரோல் குழாயைக் கொண்டுபோய் ரேடியேட்டர்ல சொருகுவீங்களா?"ன்னு கேட்டேன்.

"ஏன் தங்கச்சி, அது வேற இது வேற இல்லையா?"

"இதுவும் வேறதான். ஸ்பீக்கருக்குப் போறது பலமான கரண்டு. அத இன்னொரு பொட்டியோட வாயில விட்டா புகைதான் வரும், பேஸ் வராது."

மொதல் பொட்டிக்குப் பின்னால லைன் அவுட்டுன்னு ஒரு ஓட்டை இருக்கும். கிட்டார் சத்தத்த மெலிசா அப்பிடியே வெளிய அனுப்புற ஓட்டை. அதுல இருந்து ஒரு வயர் எடுத்து ரெண்டாவது பொட்டியில கிட்டார் சொருகுற எடத்துல குடுத்தாப் போதும், ரெண்டு பொட்டியும் ஒரே பாட்டப் பாடும். எங்க கடையிலயே நல்ல வயரா இருபது யார் நீளத்துக்கு வெட்டி, ரெண்டு முனையிலயும் சொருகுற ஜேக்க நானே போட்டேன். ரெண்டு பொட்டிக்கும் கரண்டு ஒரே பிளக்குல இருந்துதான் எடுக்கணும்னும் சொல்லி வச்சேன், வேற வேற எடத்துல எடுத்தா உம்முன்னு ஒரு இரைச்சல் வந்து உயிர வாங்கும்.

கடையில கோத்துப் பாத்தேன். முன்னால முதலாளி இருந்ததால சத்தத்த நல்லாக் கொறச்சு வச்சு, தந்தியத் தட்டிட்டு மொதல் பொட்டியில காத வச்சேன். வருது. ரெண்டாவதுலயும் காத வச்சேன். வருது. போதும்னு மூடிட்டேன். அந்தப் போதும்ங்கிற வார்த்தை என்னை என்ன பாடு படுத்தப் போகுதுன்னு அப்பத் தெரியல.

அடுத்த திருவிழா வந்துச்சு. ரெண்டு கையிலயும் ரெண்டு பொட்டி, முதுகுல கிட்டார், கழுத்துல வயர் வளையம். பஸ்ல கண்டக்டர் சிங்களத்துல, தங்கச்சின்னு கூப்பிடுற மாதிரி, "நங்கி, இது ரெண்டும் கேக் சுடுற அடுப்பா?"ன்னு கேட்டாரு. "ஆமா, சாயங்காலம் வாங்க, ஒரு துண்டு தாரேன்"னு நானும் சிங்களத்துலயே சொன்னேன். அன்னைக்கு எனக்கு அவ்வளவு தைரியம். எவ்வளவு கனம் தூக்குறேன்னுகூடத் தெரியல.

இப்ப எங்க கோயிலப் பத்திச் சொல்லணும். எங்க தோட்டம் ரெண்டு பிரிவு. மேல இருக்கிற லயங்கள மேக்கணக்குன்னும் கீழ இருக்கிற லயங்களக் கீக்கணக்குன்னும் சொல்லுவோம். மாரியம்மன் கோயில் ரெண்டுக்கும் சரியா நடுவுல இருக்கு. அங்க எதச் செஞ்சாலும் ரெண்டு பக்கத்துக்கும் சமமாச் செய்யணும். கரகம் ரெண்டு, தோரணம் ரெண்டு, மரத்துல குழாய் ஸ்பீக்கர்கூட ஒண்ணு மேல பாக்கும், ஒண்ணு கீழ பாக்கும். ஒரு தடவை மேக்கணக்குப் பக்கம் ஒரு சரம் பல்பு கூடிப் போச்சுன்னு கீக்கணக்குக்காரங்க தேருக்கு வடம் பிடிக்க வரல. பல்பு வித்த கடையில நின்னவ நான், அதனால எனக்கும் அதுல திட்டு விழுந்துச்சு.

நான் போய் ட்ரம்ஸுக்குப் பக்கத்துல, கோயில் வாசலுக்கு நேரா, ஒரு பொட்டிக்கு மேல இன்னொரு பொட்டிய அடுக்கினேன். கோயில் கமிட்டித் தலைவர் வந்து நின்னாரு. இடுப்புல வெள்ளச் சாரம், தோள்ல துண்டு, காதுல பென்சில்.

"புள்ள, பொட்டி ரெண்டு வச்சிருக்கியா?"

"ஆமா தலைவரே."

"அப்ப ஒண்ண மேக்கணக்குப் பக்கம் வையி, ஒண்ணக் கீக்கணக்குப் பக்கம் வையி."

"ரெண்டும் சேந்து இருந்தாத்தான் சத்தம் பலமா வரும் தலைவரே. பிரிச்சு வைக்க இதென்ன பொங்கச் சோறா, ஆளுக்கு ஒரு கரண்டி போட?"

அவரு மூஞ்சி சுருங்கிருச்சு. "ஒன் சாமான் ஒரு பொட்டியா இருந்தப்ப யாரும் கேக்கல. ரெண்டாப் போச்சுன்னா கேப்பாங்க. கீக்கணக்கு ஆளுங்க என் சட்டையத்தான் பிடிப்பாங்க, ஒன் தாவணிய இல்ல."

நானும் விடல. வயரப் பத்தி எனக்குத் தெரியுமா ஒங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். பேஸ்னா என்னான்னு தெரியுமான்னு கேட்டேன். பெரியவருகிட்ட அப்பிடிப் பேசினது தப்புத்தான், ஆனா ஒரு வருஷமா எனக்குள்ள பொங்கிக்கிட்டு இருந்தது அந்த மனுஷன் தலையில கொட்டிருச்சு. கடைசியில அவரு துண்ட ஒதறி மறுபடியும் தோள்ல போட்டுக்கிட்டு, "ஒன் இஷ்டம். யாரும் கேட்டா நீயே பதில் சொல்லிக்க"ன்னு ஒதுங்கி நின்னாரு. போகல, பக்கத்துலயே நின்னாரு.

அவரு பாக்கப் பாக்க ரெண்டு பொட்டியையும் போட்டேன், சத்தத்த முக்காவாசி ஏத்தினேன், அடித் தந்திய நல்லா இழுத்துத் தட்டினேன்.

ஒண்ணும் வரல. வந்துச்சு, ஆனா தும்முன்னு வரல. தந்தியோட நகச் சத்தம் மட்டும் டிக்குன்னு வந்துச்சு, வீட்டுல வயர் மாட்டாம வாசிக்கிறேனே, அதே டிக்கு. போன வருஷம் ஒத்தப் பொட்டியில வந்ததுல பாதிகூட இல்ல. சத்தத்தக் கூட்டினேன், டிக்கு பெரிசாச்சு.

"ரெண்டு பொட்டின்னு சொன்ன"ன்னாரு தலைவர். "அரைப் பொட்டிகூட வரலியே புள்ள."

அடுத்த கால் மணி நேரம் நான் திட்டாத ஆளில்ல. வயர் சரியில்லன்னேன், நான் போட்ட ஜேக்குன்னு ஞாபகம் வந்து அத விட்டுட்டேன். லயத்துல எல்லாரும் ஒரே நேரத்துல சோறு வைக்கிறாங்க, அதான் கரண்டு தொய்யுதுன்னேன். யாரோ கண்ணு போட்டுட்டாங்கன்னுகூடச் சொன்னேன். கீபோர்டு அண்ணன்தான் பொறுமையா, "தங்கச்சி, ஒண்ண நிப்பாட்டிப் பாரேன்"னாரு. கோவத்தோடயே மேல் பொட்டிய நிப்பாட்டித் தந்தியத் தட்டினேன். தும்முன்னு வந்துச்சு. அதப் போட்டுட்டுக் கீழ உள்ளத நிப்பாட்டினேன். அதுவும் தும்முன்னுச்சு. ரெண்டையும் போட்டேன். டிக்.

தனித்தனியாப் பாடுற ரெண்டு பேரு, சேந்து நின்னா ஊமையாயிடுறாங்க. இது என்ன கொடுமைன்னு நான் மண்டையில கைய வச்சுக்கிட்டு நிக்கையில, தலைவர் ரெண்டு பேரக் கூப்பிட்டுக் கைய நீட்டினாரு. அவங்க ஆளுக்கு ஒரு பொட்டியத் தூக்கி ஒண்ண மேக்கணக்குப் பக்கமும் ஒண்ணக் கீக்கணக்குப் பக்கமும் கொண்டுபோய் வச்சிட்டாங்க. எனக்கு மறுக்கத் தெம்பில்ல. கோத்த வயரும் கரண்டு வயரும் நீளமா இருந்தது நல்லதாப் போச்சு.

கிட்டாரோட நடந்து பாத்தேன். மேக்கணக்குப் பொட்டிக்கிட்டப் போனா தும் தும். கீக்கணக்குப் பொட்டிக்கிட்டப் போனா தும் தும். ரெண்டு பக்கத்துலயும் ஆளுங்க தலைய ஆட்டினாங்க. அப்பாடான்னு நடுவுக்கு வந்தேன். சரியா நடுவுல, மாரியம்மன் மூஞ்சிக்கு நேரா, பேஸ் செத்துப் போச்சு. ஒரு எட்டு எடப்பக்கம் வச்சா லேசா வருது, வலப்பக்கம் வச்சா லேசா வருது, நடுவுல இல்ல. அந்த நடுவுலதான் பொம்பளைங்க உக்கார பாய் விரிச்சிருந்தாங்க. எங்க அம்மா அதுல ஏற்கனவே எடம் பிடிச்சு உக்காந்திருந்துச்சு. பக்கத்துல அஞ்சாம் காம்பரா அக்கா. ரெண்டு பேரும் எப்பவோ சமாதானமாயிட்டாங்க, பீலிச் சண்டை அவ்வளவு நாள்தான் நிக்கும். அம்மா என்னைப் பாத்துச் சிரிச்சுச்சு. பாவமேன்னு பாக்கிற சிரிப்பு.

அந்தச் சிரிப்பப் பாத்ததும்தான் என் மண்டை வேலை செஞ்சுச்சு. ரெண்டு பொட்டிக்கும் சமதூரத்துல நின்னா மட்டும் சத்தம் போகுதுன்னா, ரெண்டும் ஒண்ண ஒண்ணு தின்னுது. ஸ்பீக்கர் வேலை செய்றது காத்தத் தள்ளித்தான். ஒண்ணு முன்னுக்குத் தள்ளுற அதே நொடியில மத்தது பின்னுக்கு இழுத்தா? காத்து எந்தப் பக்கமும் போகாது. ஏன் ஒண்ணு பின்னுக்கு இழுக்கணும்? வயர் மாறி இருந்தா இழுக்கும். யாரு மாட்டின வயர்?

செவப்புப் புள்ளி ஞாபகம் வந்துச்சு.

பிளக்கக் கழட்டிட்டு அந்தப் பழைய பொட்டியோட முதுகத் தெறந்தேன். எலக்ட்ரிக் கடைக்காரி பையில ஸ்க்ரூட்ரைவரும் டேப்பும் எப்பவும் இருக்கும், தாலி இல்லாட்டியும் அது இருக்கும். உள்ள பாத்தா, செவப்புப் புள்ளி இருக்கிற முனையில கறுப்பு வயர் ஒட்டியிருக்கு. நான் ஒட்டினது. அழகா, மினுமினுன்னு, வேற எவனும் ஒட்ட முடியாத மாதிரி ஒட்டியிருக்கேன். பல்புக்கு எந்தப் பக்கம் குடுத்தாலும் எரியும். ஸ்பீக்கரும் தனியா இருந்தா எப்பிடிக் குடுத்தாலும் பாடும். சோடி சேந்தாத்தான் குட்டு வெளிப்படும். இவ்வளவு நேரமா எல்லாரையும் கொறை சொன்னேனே, கொறை என் கையிலயே இருந்துச்சு. எனக்கு என்மேல வந்த கோவத்துல சிரிப்பே வந்துருச்சு.

ஈயம் உருக்க அங்க என்ன இருக்கு? வயர ரெண்டையும் வெட்டி, தோல உரிச்சு, மாத்தி முறுக்கி, டேப் சுத்தினேன். அன்னதானம் முடிஞ்சு ஆளுங்க கை கழுவிட்டு வர ஆரம்பிச்சிட்டாங்க. மலையில மூடுபனி எறங்கிக்கிட்டு இருந்துச்சு, மழை வர்றதுக்குள்ள ஆரம்பிக்கணும்னு டீச்சர் மைக்கப் பிடிச்சு ரெடியா நின்னாங்க.

நான் நேராத் தலைவர்கிட்டப் போனேன். "தலைவரே, தப்பு என்மேல. ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. நான் வயர மாத்திக் குடுத்துட்டேன். ஒங்களப் பேசினதுக்கும் மன்னிச்சுக்குங்க."

அவரு "ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது"ன்னு மெதுவாச் சொல்லிப் பாத்தாரு. அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "அப்ப நம்ம மேக்கணக்கும் கீக்கணக்கும் மாதிரின்னு சொல்லு! சரி, இப்பப் பொட்டிய ஒண்ணா அடுக்கப் போறியா?"

நான் அடுக்கத்தான் நெனச்சேன். ஆனா நேரமில்ல, இருந்த எடத்துலயே விட்டு ஒரு தடவை தட்டிப் பாத்தேன். கோயில் வாசல் நடுவுல நின்னவ காலுக்கடியில வந்துச்சு பாருங்க, தும்முன்னு! உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ரெண்டு பக்கத்துலயும் கேக்குறதவிட நடுவுலதான் கூட. ரெண்டு பொட்டியும் ஒரே நேரத்துல தள்ளினா, ரெண்டும் வந்து சேர்ற எடம் அந்த நடுதான். சூடத் தட்டுல வச்சிருந்த மணி தானா அதிர்ந்து கிணுகிணுன்னுச்சு. பூசாரி பயந்து அதக் கையால பிடிச்சாரு.

"இருக்கட்டும் தலைவரே, ஒங்க எடம்தான் சரி"ன்னேன்.

"நாங்க சும்மாவா சொல்றோம்"னு துண்ட ஒதறிட்டுப் போனாரு மனுஷன். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும், சத்தம் எப்பிடி வைக்கிறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது அவருதான்னு டவுன் வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. சொல்லிட்டுப் போகட்டும்.

ஆரம்பிச்சோம். அப்பிடி ஒரு ஆட்டம் எங்க கோயில்ல நான் பாத்ததில்ல. மேக்கணக்கும் கீக்கணக்கும் நடுவுல வந்து கலந்து ஆடுனாங்க. ஸ்டோருல இருந்து ஷிப்ட் முடிஞ்சு வந்தவங்க மாத்து உடுப்புகூடப் போடாம ஆடுனாங்க. நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு வாசிச்சேன். ஒரு எடத்துலயும் தப்பல. நான் நல்லா வாசிக்கிறவ, அத நானே சொல்லிக்கிறதுல எனக்கு வெக்கமில்ல.

ஆனா அம்மா என்னைப் பாக்கல. பாயில உக்காந்துக்கிட்டு, தலைய ஒரு பக்கமாச் சாய்ச்சு, கீபோர்டு அண்ணனோட எடது கையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நான் அவருகிட்ட, "அண்ணே, இன்னைக்கு எடது கையப் பைக்குள்ள போட்டுக்கிட்டு வாசிங்க"ன்னு கேட்டேன். "ஒத்தக் கையால வாசிச்சா வாதம் வந்தவன்னு நெனப்பாங்க, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல"ன்னு சொல்லிட்டாரு. இப்ப அந்தக் கை மேலயும் கீழயும் போகுது, அம்மாவோட கண்ணும் அதுகூடவே போகுது. சத்தம் பாயில இருந்து ஏறி வருது, அது தெரியுது அம்மாவுக்கு. ஆனா எவன் கையில இருந்து வருதுன்னு தெரியல. தோட்டமே ஆடுது, எனக்கு அழுகை முட்டுது. இத்தனையும் யாருக்காக?

கடைசிப் பாட்டு. எல்லாரும் உச்சத்துல ஆடிக்கிட்டு இருக்காங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. நடுப் பாட்டுல, தந்தியில இருந்து ரெண்டு கையையும் எடுத்து, அம்மாவுக்குத் தெரியிற மாதிரி மேல தூக்கினேன்.

பாட்டு போய்க்கிட்டேதான் இருந்துச்சு. டீச்சர் பாடுனாங்க, ட்ரம்ஸ் அடிச்சுச்சு, கீபோர்டு அண்ணனோட பத்து வெரலும் ஓடுச்சு. ஆனா பாட்டோட அடி கழண்டு போச்சு. ஆடுன கால்களெல்லாம் தடுமாறுச்சு. ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. கீபோர்டு அண்ணன் பதறிப் போய் என்னைத் திரும்பிப் பாத்தாரு. அம்மா கீழ குனிஞ்சு பாயத் தொட்டுப் பாத்துச்சு. அப்புறம் அண்ணனோட கையப் பாத்துச்சு, அது ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் நிமிர்ந்து என்னைப் பாத்துச்சு. தூக்கின என் ரெண்டு கையையும் பாத்துச்சு.

எட்டுத் தட்டு விட்டேன். ஒம்பதாவதுக்குக் கையப் போட்டேன். தும்முன்னு மண்ணுல இருந்து ஏறி வந்துச்சு, சனம் ஓன்னு கத்திக்கிட்டு மறுபடியும் ஆடுச்சு. அம்மா ஆடல. பாயில கைய வச்சபடியே என்னைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு, பாட்டு முடியிற வரைக்கும்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா எனக்குச் சோறு போட்டுச்சு, அப்பளம் ஒண்ணு கூட வச்சுச்சு.

மறுநாள் காலையில நான் வேலைக்குக் கெளம்பிக்கிட்டு, மூஞ்சி கழுவப் பீலிக்குப் போனேன். எனக்கு முன்னால பொம்பளைங்க வரிசையா நின்னாங்க. நான் பின்னால வந்தத யாரும் கவனிக்கல. அஞ்சாம் காம்பரா அக்கா பேசிக்கிட்டு இருந்துச்சு. "நேத்துப் பாட்டு பிரமாதம்தான். ஆனா கடைசியில ஒரு எடத்துல தொய்ஞ்சு போச்சே, கவனிச்சீங்களா? கரண்டு போயிருச்சு போல."

அம்மாவோட குடம் நெறஞ்சு வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அத எடுத்து இடுப்புல வச்சிட்டுத்தான் அம்மா வாயத் தெறந்துச்சு.

"கரண்டு போகலடி. எம்மக கைய எடுத்தா."